சிப்பியின் கட்டுச்சோறும் நமது விதையும்

விவசாய இலாகாவின் மாத வெளியீட்டில் கடற்சிப்பியின் முட்டையைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு, கரிசற்காட்டுக் குடியானவர்கள் நகைக்கக் கூடும். “கடலைக் காண வேண்டுமானாலே நாம் தூத்துக்குடிக்கு வண்டி ஏற வேண்டும், நமக்கும் சிப்பிக்கும் சம்பந்தம் என்ன?” என்று கிராமாதிகாரிகள் வினவவும் கூடும். சம்பந்தம் உண்டு. சாத்தூரைத் தொட்டுச் செல்லும் நமது வைப்பாறே இருக்கன்குடியையும் விளாத்திகுளத்தையும் கடந்து மன்னார் வளைகுடாவில் சங்கமமாகிறது. அதன் கழிமுகத்தை அடுத்த ஊருக்குச் சிப்பிகுளம் என்றே பெயர். ஆற்று வழியாக உள்ள இந்தச் சம்பந்தத்தினும் நெருங்கியது வேறொன்று. சிப்பியின் முட்டைக்கும் நாம் மண்ணில் இடும் உளுந்து மணிக்கும் இயற்கை வகுத்த சட்டம் ஒன்றே. தாய் கட்டிக்கொடுத்த சோறு தீருமுன் பிள்ளை தன் காலில் நின்றாக வேண்டும் என்பதே அச்சட்டம். இதை நான் விலை கொடுத்து அறிந்தேன். விலையைக் கொடுத்தவர் உண்மையில் நானல்லர், ஒரு குடியானவர். ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துணியில் முளைத்தது மண்ணில் முளைக்கவில்லை

சில வருஷங்களுக்கு முன் ஒரு புரட்டாசி மாதத்தில், சாத்தூர்த் தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், மானாவாரி உளுந்து விதைப்புக்கு யோசனை கூறச் சென்றிருந்தேன். பெரியவர் ஒருவர் தமது குலுக்கையிலிருந்த விதையைச் சுளகில் கொண்டுவந்து காட்டினார். முந்தின பருவத்தில் கடைசி மழை தவறிய புஞ்செயில் விளைந்த விதை அது. மணி சிறுத்திருந்தது. இங்குமங்கும் வண்டு துளைத்த மணிகளும் தென்பட்டன. நான் வழக்கப்படி நூறு மணிகளை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்தேன். நாலாம் நாள் பிரித்துப் பார்க்கையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் முளை கண்டிருந்தது. “தாராளமாய் விதைக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த புஞ்செக்காரருடைய விதை, தொழுவுரம் இட்டுக் கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்தது. அதையும் அவ்வாறே சோதித்தேன். முளைத்த தொகையில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை.

இருவரும் ஒரே வாரத்தில் விதைத்தார்கள். ஒரு மழை பெய்து மண் நனைந்தது. பிறகு பத்து நாள் வரையில் வானம் வெளிவாங்கி வெயில் காய்ந்தது. மேல்மண் இறுகி ஓடு கட்டிற்று. அடுத்த புஞ்செயில் பயிர் அந்த ஓட்டைப் பிளந்துகொண்டு வரிசையாய் மேலே வந்தது. பெரியவருடைய புஞ்செயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தலை காட்டிற்று. மண்ணைக் கிளறிப் பார்த்தோம். விதை முளைத்துத்தான் இருந்தது. முளைத்தது ஓட்டுக்கு அடியில் வளைந்து வெளுத்து மடிந்து கிடந்தது.

“ஐயா, துணியிலே முளைச்சது மண்ணிலே ஏன் வரலே?” என்று அவர் கேட்டார். “மழை ஏமாற்றிவிட்டது, பெரியவரே” என்றேன். அவர் வரப்புக்கு அப்பால் நின்ற பயிரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அதே மழைதான் அங்கும் பெய்தது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன். மறுவிதைப்புக்கு அவர் விதையும் உழவுக் கூலியும் இரண்டாம் முறை கைவிட்டுச் செலவழித்தார். அவர் கேட்ட கேள்விக்கு உரிய விடையைப் பின்னாளில் நான் தூத்துக்குடியில், ஒரு நண்பர் காட்டிய பூதக்கண்ணாடியின் கீழ், முத்துச்சிப்பியின் குஞ்சிடம் தெரிந்துகொண்டேன்.

முட்டைக்குள் இருக்கும் முதல்

தாய்ச் சிப்பி ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளைக் கடல் நீரில் விட்டுவிடுகிறது. ஆண் சிப்பியின் விந்துவும் நீரிலேயே வந்து கலக்கிறது. கூடு இல்லை, காவல் இல்லை, அடைகாத்தலும் இல்லை. முத்துச்சிப்பியின் முட்டை ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். கடுகின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு சிறிய பொட்டலத்துக்குள் தாய் தன்னாலான கட்டுச்சோற்றைக் கட்டி அனுப்புகிறது. அதில் மாவுப்பொருள் அற்பம். கொழுப்பும் புரதமுமே பிரதானம். கொழுப்பு, சிறு சிறு துளிகளாகக் கருவுக்குள் மிதந்து நிற்கும். தாய்ச் சிப்பி நல்ல காலத்தில் தின்றதைத் தன் உடம்பில் ஒருவகை மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கிறது. முட்டை முதிரும் காலத்தில் அதையே கொழுப்பாக மாற்றி முட்டைக்கு ஏற்றுகிறது. ஆமணக்கும் எள்ளும் நிலக்கடலையும் இலையில் உண்டான சர்க்கரையை எண்ணெயாக்கி விதைக்குள் அடைப்பதும் இப்படித்தான்.

கருவுற்ற முட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாகப் பிளக்கிறது. பிறகு நாலு, எட்டு என்று பெருகுகிறது. சில மணி நேரத்தில் மெல்லிய மயிரிழைகள் முளைத்து நீரில் சுழன்று நீந்தத் தொடங்குகிறது. இருபது மணிக்குச் சற்று மேல் ஆனதும், ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவான இரண்டு சிறு ஓடுகளை உடுத்துக்கொள்கிறது. அதன் பின்னரே நுண்பாசிகளைப் பிடித்துத் தின்னும் சக்தி அதற்கு வருகிறது. அதுவரை வாய் இல்லை, குடல் இல்லை, வெளியிலிருந்து வரும் தீனியும் இல்லை என்றே சொல்லலாம். கடல்நீரில் கரைந்திருக்கும் சில சத்துக்களைத் தோலின் வழியே சிறிது ஈர்க்குமாயினும், அது கைச்செலவுக்குக் கிடைத்த சில்லறை போன்றதே. குடித்தனம் நடப்பது தாய் கொடுத்த முதலைக் கொண்டுதான்.

அந்த முதல் எவ்வாறு செலவாகிறது என்பது கவனிக்கற்பாலது. நீந்துவதற்கே பெரும்பகுதி செலவாகும் என்று நாம் நினைப்போம். அப்படியன்று. கருவானது புதிய புரதங்களைக் கட்டுவதற்கும், உடம்புக்குள் உப்பின் அளவு மிகாமல் ஓயாது வெளியேற்றுவதற்கும் செலவிடுவதே அதிகம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வீடு கட்டும் கொத்தனார் கூலியும், ஒழுகும் வீட்டில் நீர் இறைக்கும் கூலியும் போன்றவை அவ்விரண்டும். இவற்றோடு முதல் ஓட்டை வார்க்கும் செலவும் சேர்கிறது. இவ்வளவுக்கும் விறகாய் எரிவது பெரும்பாலும் அந்தக் கொழுப்புத் துளிகளே. முட்டையிலிருந்து ‘டி’ வடிவம் வரும் வரையில் அவை கரைந்து குறைந்துகொண்டே வருகின்றன. புரதத்திலும் ஒரு பகுதி எரிகிறது. ஓடு உடுத்த பிறகும் சில நாள் வரையில், மீதமுள்ள கட்டுச்சோற்றில் ஒரு பிடியும் புதிதாய்த் தேடிய தீனியில் ஒரு பிடியுமாக, பால்குடி மறக்கும் பிள்ளையைப் போலக் குஞ்சு காலந் தள்ளுகிறது. அச்சமயத்தில் கடலில் பாசி இல்லாது தாமதம் மிகுந்துவிட்டால், பின்பு எவ்வளவு பாசி வந்தாலும் அது தேறுவது அரிது.

இது முதற் கண்டம். இரண்டாவது கண்டம் ஒன்றும் உண்டு. ஏறக்குறைய மூன்று வாரம் நீந்தித் திரிந்த குஞ்சு, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சிப்பியாக மாறும் வேளையில், தீனி பிடிக்க உதவிய பழைய உறுப்பை இழக்கிறது. புதிய செவுள்கள் வேலைக்கு வரும் வரையில் மறுபடியும் பட்டினி. அப்போது கைகொடுப்பது நடுவில் அதுவே சேர்த்த கொழுப்பாகும். முதல் நாட்களில் திவாலாகாத குஞ்சுக்கே அவ்வாறு சேமிக்கவும் முடியும்.

முத்தும் சங்கும்

நமது தென்கடலிலேயே இதற்கு நேர் மாறான வழியைக் கைக்கொண்ட பிராணி ஒன்றுண்டு. அதுதான் சங்கு. ஹார்னெல் துரை 1914 இல் வெளியிட்ட தமது நூலில் இந்தச் சங்கைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். சங்கு தன் முட்டைகளைக் கடலில் சிந்துவதில்லை. முறுகிய கொம்பு போன்ற ஒரு தடித்த உறையை உண்டாக்கி, அதன் அறைகளுக்குள் முட்டைகளை வைத்து, மணலில் நட்டுவிடுகிறது. குஞ்சு அந்த அறைக்குள்ளேயே தாய் வைத்த உணவை உண்டு, நீந்தும் பருவத்தைக் கடந்து, சின்னஞ்சிறு சங்காகவே வெளியே ஊர்ந்து வருகிறது. முத்துச்சிப்பி இலட்சம் பிள்ளைகளுக்கு ஒரு பிடிச் சோற்றைப் பகிர்ந்து கொடுக்கிறது. சங்கோ, கொஞ்சம் பிள்ளைகளைப் பெற்று ஒவ்வொன்றுக்கும் மூட்டை கட்டிக் கொடுக்கிறது. இயற்கையில் இரண்டு வழியும் உண்டு. ஆயினும் முதல் வழியில் போகிறவன் கடலின் தயவை நம்பித்தான் போக வேண்டும்.

அந்தத் தயவு எவ்வளவு நிச்சயமற்றது என்பதை முத்துச் சலாபத்தின் சரித்திரமே கூறும். தூத்துக்குடிக் கரையில் 1928 க்குப் பின் 1955 வரையில் சலாபம் நடைபெறவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன் பின் நடக்கவில்லை. இதற்கு நீரோட்டம், பகைப் பிராணிகள் முதலிய பல காரணங்கள் உண்டு. ஒன்றின் மேல் மட்டும் பழி சுமத்துவது நியாயமன்று.  இலட்சம் முட்டை என்பது ஒருநாளும் இலட்சம் சிப்பி என்று ஆகிவிடாது.

தாய்க்கு இட்ட தீனி

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சுவாமி அவர்கள், 1973 இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். 1981 இல் அவரும் அவருடைய சகாக்களும் முத்துச்சிப்பியின் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்து, நுண்பாசியூட்டி, ஒட்டும் பருவம் வரையில் வளர்ப்பதில் வெற்றி பெற்றார்கள். நமது பக்கத்துக் கடற்கரையிலேயே நடந்த அருஞ்செயல் இது.

இத்தகைய பொரிப்பகங்களில் வேலை செய்வோர் யாவரும் முதலில் கற்கும் பாடம், குஞ்சைக் கவனிக்குமுன் தாயைக் கவனிக்க வேண்டும் என்பதே. பிரிட்டனில் ஹெல்ம் முதலியோர் 1973 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதை ஐயமற நிலைநாட்டிற்று. முட்டையிடுமுன் தாய்ச் சிப்பிகளுக்குக் கூடுதலாகப் பாசித் தீனி கொடுத்தால், பிறக்கும் குஞ்சுகள் அதிகக் கொழுப்போடு பிறக்கின்றன, வீரியத்தோடும் வளர்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் கல்லகர், மான் என்ற இருவர் 1986 இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், முட்டையிலுள்ள கொழுப்பின் அளவுக்கும் குஞ்சு பிழைப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து காட்டியது. பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்தால் மெலிந்த தாயின் முட்டையும் முட்டையே. அதுவும் கருவுறும், அதுவும் பிளக்கும். வழியில் சோறு தீரும்போதுதான் பேதம் வெளிப்படும்.

இந்தப் பேதம் எவ்வளவு தாமதித்து வெளிப்படும் என்பதற்கு மற்றோர் உதாரணம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் ராஜ்யத்தில் 2007, 2008 ஆம் வருஷங்களில் ஒரு பொரிப்பகத்தின் சிப்பிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. நோய்க் கிருமியே காரணம் என்று முதலில் எண்ணினார்கள். பிறகு ஆராய்ந்ததில், ஆழ்கடலிலிருந்து கரைக்கு ஏறி வந்த புளிப்பேறிய நீரே காரணம் என்று தெரிந்தது. அவ்வகைச் சிப்பியின் குஞ்சு, முதல் இரண்டு நாளுக்குள், தன் உடல் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் சுண்ணாம்பு ஓடாக வார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புளித்த நீரில் அந்த ஓட்டை வார்க்கச் செலவு கூடுகிறது. கையிலுள்ளதோ தாய் கொடுத்த அளவான முதல் மட்டுமே. குஞ்சு எப்படியோ ஓட்டை உடுத்துவிடுகிறது. பார்வைக்குக் குறையொன்றும் இராது. ஆனால் பல நாள் கழித்து, வளர வேண்டிய பருவத்தில், வளராமல் நின்று மடிகிறது. முதல் 48 மணி நேரத்தில் பட்ட கடன் பிற்பாடு வட்டியோடு வசூலாகிறது. நீரில் சோடா உப்பைக் கலந்து புளிப்பை மாற்றிய பிறகே அந்தப் பொரிப்பகம் தலையெடுத்தது.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நமது பழமொழி. அதற்கு நான் பணிவுடன் ஒரு திருத்தம் கூறுவேன். முளையில் எப்போதும் தெரிவதில்லை. முளைக்குமுன், தாயின் வயிற்றிலே அது தீர்மானமாகிவிடுகிறது.

பெரியவரின் கேள்விக்கு விடை

இப்போது உளுந்துக்கு வருவோம். உளுந்து மணியை இரண்டாய் உடைத்தால் தெரியும் இரண்டு பருப்புகளே அதன் கட்டுச்சோறு. சிப்பியிலே கொழுப்பாக இருப்பது இங்கே பெரும்பாலும் மாவும் புரதமுமாக இருக்கிறது. நிலக்கடலையிலும் பருத்தி விதையிலும் எண்ணெயும் சேர்ந்து இருக்கிறது. முளைக்கும் கருவானது வேரைக் கீழே விட வேண்டும், தண்டை நீட்ட வேண்டும், பருப்பிரண்டையும் தோளில் சுமந்துகொண்டு மண்ணைப் பிளந்து வெளியே வர வேண்டும், இலை விரிக்க வேண்டும். இலை பச்சையாகிச் சூரிய வெளிச்சத்தில் சமைக்கத் தொடங்கும் வரையில் வேறு வருமானம் கிடையாது.

ஈரத் துணியில் இவற்றுள் எந்த வேலை நடக்கிறது? வேர் நுனி எட்டிப் பார்ப்பது ஒன்றே. அதற்குக் கட்டுச்சோற்றில் ஒரு கவளம் போதும். ஆழத்திலிருந்து ஏறுவதற்கும், ஓடு கட்டிய மண்ணை முட்டித் திறப்பதற்கும், மழை தவறிய நாட்களில் காத்திருப்பதற்கும் முழுச் சோறும் வேண்டும். பெரியவருடைய விதை காய் பிடிக்கும் தருணத்தில் தாய்ச்செடி வாடியதால் சிறுத்துப் போன விதை. அதில் ஒரு பங்கை வண்டும் தின்றுவிட்டது. வண்டு துளைத்த மணியில் பல வேளைகளில் கரு உயிரோடிருக்கும், சோறுதான் இராது. அப்படிப்பட்ட மணி துணியில் முளைத்து நம்மை ஏமாற்றும். நான் எண்ணியது உயிரை. எண்ண வேண்டியது உணவையும் சேர்த்து. மழை அவரை ஏமாற்றவில்லை. என் சோதனையே ஏமாற்றியது.

நமது அளவுகோலின் குறை

இங்கே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். 1966 ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட சான்று முறையில், உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் குறைந்தபட்ச முளைப்பு நூற்றுக்கு 75 என்றும், தூய்மை 98 என்றும் வகுத்திருக்கிறார்கள். ஈரப்பதத்துக்கும் எல்லை உண்டு. இவை நல்ல ஏற்பாடுகள். இவை இல்லாத காலத்தில் மண்ணும் பதரும் விதையென்று விலைக்கு வந்தன. இவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த எண்கள் வீரியத்தை அளப்பதில்லை. பாய்ச்சல் நிலத்தில் அந்த 75 போதுமானது. மேலே கேட்கும்போது நீர் விடலாம், ஓடு கட்டினால் நனைத்துக் கொடுக்கலாம். சாத்தூர் மானாவாரிக் கரிசலில் அது போதாது. இங்கே விதை புரட்டாசியிலும் ஐப்பசியிலும் வானத்தின் தயவை எதிர்பார்த்துக் கிடக்கிறது. கடலில் விடப்பட்ட சிப்பி முட்டையின் நிலையே அதன் நிலை. வழியில் கடை இல்லாத பிரயாணத்துக்குப் போகிறவனுக்கு அரைவயிற்றுச் சோறு கட்டிக் கொடுப்பது தர்மமன்று.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது, “நல்ல மணியை விற்றால்தான் நாலு காசு, சிறுத்ததை யார் வாங்குவார்? அதை விதைக்கு வைத்துக்கொள்ளுகிறோம்” என்பது. ஏக்கருக்கு விதைக்கும் உளுந்து 8 கிலோ. நல்ல மணிக்கும் சிறுத்த மணிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அந்த 8 கிலோவுக்கு மட்டும் கணக்கிட்டு, ஒரு மறுவிதைப்பின் உழவுக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறிப்போன பருவத்துக்கு விலையே கிடையாது. இரண்டாவது, “இந்நாளில் பருத்தியும் மக்காச்சோளமும் கடை விதையாகவே வாங்குகிறோமே” என்பது. வாஸ்தவம். ஒட்டு விதையில் தாய்ப்பயிர் நம் கையில் இல்லை. ஆனால் உளுந்து, பாசிப்பயறு, சோளம், நிலக்கடலை, மல்லி ஆகியவற்றில் பெரும்பாலும் நமது குலுக்கையை நம்பியே இருக்கிறோம். கையிலுள்ளதையாவது சரியாய்ச் செய்வோம்.

செய்ய வேண்டுவன

விதைக்கென்று ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஐந்து ஏக்கர் உளுந்து போடுகிறவருக்கு வேண்டிய விதை 40 கிலோ. ஏக்கருக்கு 200 கிலோ என்று குறைவாகவே கணக்கிட்டாலும், கால் ஏக்கரில் 50 கிலோ கிடைத்துவிடும். அந்தக் கால் ஏக்கர் புஞ்செயிலேயே நல்ல இடமாய், கிணற்றுக்கு அருகாமையில் இருக்கட்டும். தொழுவுரத்தை எல்லா நிலத்துக்கும் தூவித் தீர்க்காமல், அங்கே கனமாய் இடுங்கள். பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும், டி.ஏ.பி. உரத்தை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்துத் தெளியுங்கள். கால் ஏக்கருக்கு ஒரு முறைக்கு ஒரு கிலோ உரமும் 50 லிட்டர் நீரும் போதும். முன்னாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு, மண்ணில் ஈரமுள்ளபோது மாலை வேளையில் தெளிப்பது நலம். காய் பிடிக்கையில் மழை தவறினால் இந்த மூலைக்கு மட்டுமாவது ஒரு நனைப்புக் கொடுங்கள். தாய்ச் சிப்பிக்குப் பாசியூட்டுவது போன்ற காரியம் இது.

நன்றாய் முற்றிய காய்களை எடுத்து, தனியே அடித்து, சல்லடையில் சலித்துப் பருத்த மணிகளை மாத்திரம் நிறுத்துங்கள். துளைபட்டதைத் தயங்காமல் பருப்புக்குத் தள்ளுங்கள். நன்கு உலர்த்தி, நமது பெரியோர் செய்தபடி செம்மண் கட்டியோ, வேறு தக்க முறையிலோ வண்டு அண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டு தின்பது விதையை மட்டுமன்று, பிள்ளையின் வழிச்சோற்றையும் தின்றுவிடுகிறது.

விதைக்குமுன் ஈரத் துணிச் சோதனையோடு நில்லாமல், ஒரு மண்தொட்டியில் உங்கள் புஞ்செயின் கரிசலையே நிரப்பி, நூறு மணிகளை இரண்டு விரற்கடை ஆழத்தில் இட்டு, மேலே மண்ணை அழுத்தி, ஒரே முறை நீர் விட்டு வெயிலில் வையுங்கள். ஏழாம் நாள் இலை விரித்து நிற்கும் செடிகளை மட்டும் எண்ணுங்கள். துணியில் கண்ட தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் மிகுந்தால், விதையில் உயிர் இருக்கிறது, சோறு இல்லை என்று அறிக. அந்த விதையைக் கூடுதலாகத் தூவிச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பசித்த பிள்ளைகளின் தொகையைப் பெருக்குவதால் ஒன்றுக்கும் வயிறு நிரம்பாது.

கிராமாதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடங்கலில் பயிரின் பெயர் இருக்கிறது, பரப்பு இருக்கிறது. விதைப்புத் தவறியதற்குக் காரணம் எழுத நேரும்போது ‘மழையின்மை’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். நானும் அவ்வாறே சொன்னவன். இனி அவ்வாறு நேரும் புஞ்செயில், அந்த விதை எங்கே விளைந்தது, எப்படி வைக்கப்பட்டது, அடுத்த புஞ்செயில் என்ன நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுத் தனியே குறித்துவைத்தால், மூன்று நாலு வருஷங்களில் ஒவ்வொரு கிராமத்துக்கும் அதன் சொந்த அனுபவமே ஒரு சாஸ்திரமாகிவிடும். இலாகாவில் உள்ள எங்களுக்கும் அதனால் கண் திறக்கும்.

அந்தப் பெரியவரிடம் நான் பின்பு சென்று, ஈரத் துணியை நம்பியது என் தவறு என்று ஒப்புக்கொண்டேன். “அப்போ அடுத்த விதைக்கு எந்தப் புஞ்செயை ஒதுக்கட்டும், ஐயா?” என்று மட்டும் கேட்டார். இருவருமாய் நடந்து போய், கிணற்றை ஒட்டிய மூலையைக் கால் ஏக்கர் அளவுக்கு அளந்து குச்சி நட்டோம். வருகிற புரட்டாசிக்குள் சாத்தூர்த் தாலுகாவின் ஒவ்வொரு கிராமத்திலும் அப்படி ஒரு மூலையேனும் அளக்கப்படுமானால், நான் எழுதிய இக்கட்டுரை தன் காரியத்தைச் செய்தது என்று திருப்தியடைவேன்.

— விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர், சாத்தூர்